ஜெபர்சன் விருந்துக்கு என் மனைவி போகிறாள்

ஆரஞ்சு மாவட்டம், வர்ஜீனியா
மார்ச் 20, வியாழக்கிழமை

பெருமதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஹோரேஸ் மச்சானுக்கு,

உங்கள் தங்கை வெர்னாவின் கணவன் லெமுவெல் யான்சி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, படியேறும்போது இன்னும் கடக் கடக் என்கிறதா, ஒஹையோவில் பனி விட்டதா என்றெல்லாம் அறிய ஆவல். 'இங்கு நாங்கள் நலம்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'நாங்கள்' என்று எழுத வீட்டில் இன்னொரு ஆள் வேண்டுமல்லவா? உங்கள் தங்கை வீட்டை விட்டுப் போய் நான்கு நாட்கள் ஆகின்றன. பதற வேண்டாம். இரண்டு மைல் தள்ளி ஒடெஸா டாலிவர் வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறாள். பதறுவதாக இருந்தால் எனக்காகப் பதறுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பொறாமை கிடையாது. முப்பது வருடம் தபால்காரனாக ஊரார் வீட்டுக் காதல் கடிதங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் உல்லாசப் பயண அட்டைகளையும் தோளில் சுமந்து கொடுத்தவன் நான். பொறாமைக்காரன் அந்த வேலையில் மூன்று மாதம் தாங்க மாட்டான். நான் எழுதுவது நியாயத்தைப் பற்றி. கூடவே, உங்கள் மாடியில் தையல் மெஷின் கிடக்கிறதே, அந்த அறையைப் பற்றியும். அதைக் கொஞ்சம் ஒழித்து வைத்தால் சனிக்கிழமை பெட்டியோடு வந்துவிடுவேன்.

பதினாலு வருடமாக நான் எங்கள் ஊர் நினைவுச் சங்கத்தில் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசனாக வேஷம் கட்டுவதும், வெர்னா அவர் மனைவி டாலியாக நிற்பதும் உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை நீங்களே வந்திருந்தீர்கள். என் முன்னால் நின்றுகொண்டே, "ஜனாதிபதி எப்ப வருவார்?" என்று என்னிடமே கேட்டீர்கள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வேஷம் என் உயரத்தால் வந்தது. மேடிசன் ஐந்தடி நாலங்குலம், நானும் அவ்வளவுதான். அவர் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டாதாம், எனக்கும் தாண்டாது. டாலி அவரைவிட உயரம், பதினேழு வயது இளையவள், இறகு செருகிய தலைப்பாகை வேறு. வெர்னாவும் என்னைவிட உயரம் என்பதால் சங்கத்தில் எங்கள் இருவரையும் பார்த்ததுமே வேறு யாரையும் தேடவில்லை.

சங்கத்தில் ஒரே ஒரு சட்டம்தான். தொப்பியோ தலைப்பாகையோ தலையில் இருக்கும்வரை நீங்கள் அந்தக் காலத்து மனிதர். இன்றைய ஆளாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் தொப்பியைக் கழற்ற வேண்டும். போன வருடம் உரையின் நடுவே ஒரு தேனீ என் காதில் கொட்டியது. "இதுவும் ஆங்கிலேயர் சதிதான்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பேசினேன். அப்படிப்பட்ட ஒழுக்கம். சட்டத்தைக் காப்பவர் சங்கத் தலைவி ஒடெஸா. அவருடைய முன்னோர்கள் மேடிசன் குடும்பத்துத் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்கள். அதனால் எங்கள் ஆளைப் பற்றி நான் கொஞ்சம் உயர்த்திப் பேசினால் போதும், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்.

"சுதந்திரத்தைப் பத்தி உங்க ஆளு அவ்வளவு எழுதினாரே லெம், எங்க பாட்டனாருங்களை விடுதலை பண்ணி உயில்ல ஒரு வரி எழுதியிருக்கலாமே" என்று ஒருநாள் கேட்டார். அந்த ஒரு வரி உயிலில் இல்லை என்பதை ஒவ்வொரு பிறந்தநாள் உரையிலும் நான் என் வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் உத்தரவு. சொல்கிறேன். அதை மட்டும் கடைசி வரிசைவரை கேட்கும்படி சொல்கிறேன்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த எங்கள் குடித்தனத்தில், போன அக்டோபரில் ராய்ஸ் பெட்டஸ் என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் டெலவேரிலிருந்து வந்து இறங்கினார். ஆறடி இரண்டங்குலம். தலை நிறையச் சொந்த முடி, அதுவும் செம்பட்டை. வயலின் வாசிப்பார். நாலு வருடம் முன்பு மனைவியை இழந்தவர். சிரித்தால் முப்பத்திரண்டும் தெரியும், தொழில் அப்படி. அவர் சங்கத்து வாசலில் குனிந்து நுழைந்தபோது ஒடெஸா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடேயப்பா! ஜெபர்சன் தானா நடந்து வந்துட்டாரே!" என்றார். பதினாலு வருடத்தில் என்னைப் பார்த்து ஒருமுறைகூட அவர் 'அடேயப்பா' சொன்னதில்லை.

உயரம், செம்பட்டை முடி, வயலின் எல்லாம் பொருந்தியதால் ராய்ஸுக்கு மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன் வேஷம். அந்த ஜெபர்சன் எங்கள் ஆளுக்கு உயிர் நண்பர். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள் மச்சான், இது அடுக்குமா? மலையைக் குடைந்து நாலு தலை செதுக்கினார்களே, அதில் அவர் இருக்கிறார், எங்கள் ஆள் இல்லை. ஐந்து சென்ட் நாணயத்தில் அவர் முகம், பால் குடிக்கும் பிள்ளைகூடக் கையில் வைத்து விளையாடும். எங்கள் ஆளை ஐயாயிரம் டாலர் நோட்டில் போட்டார்கள். அதைக் கண்ணால் கண்டவர் யார்? அதையும் அச்சடிப்பதை நிறுத்தியாகிவிட்டது. தலைநகரில் அவருக்குத் தண்ணீர்க் கரையில் குவிமாடம் வைத்த மண்டபம். எங்கள் ஆளுக்கு அங்கே நாடாளுமன்ற நூலகத்தில் ஒரு கட்டடம். அந்த நூலகத்திலும் பளிங்குப் படிக்கட்டும் ஓவியங்களுமாக ஜொலிப்பதற்கு ஜெபர்சன் பெயர், எதிரே அட்டைப்பெட்டி மாதிரி நிற்பதற்கு எங்கள் ஆள் பெயர். நாட்டின் அரசியல் சாசனம் எழுதக் கூடினார்களே, நாலு மாதம் ஒரு நாள் விடாமல் முன்னால் உட்கார்ந்து யார் என்ன பேசினார்கள் என்று கை ஒடிய எழுதியது யார்? எங்கள் ஆள். ஜெபர்சன் எங்கே இருந்தார்? பாரிஸில். நல்ல மது எது, நல்ல புத்தகம் எது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் செத்து இருபது வருடம் அவர் சமாதியில் ஒரு கல்கூட இல்லை, மச்சான். இருபது வருடம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெபர்சன் பிறந்தநாள் ஏப்ரல் 13. அன்று அந்தக் காலத்து முறைப்படி முப்பது பேருக்கு விருந்து வைக்க வேண்டும் என்று ராய்ஸ் சொன்னார். வைக்கட்டும். விருந்தாளிகளை வரவேற்று மேசையை நடத்த வெர்னா வர வேண்டும் என்றும் சொன்னார். எனக்குக் காதில் புகை வந்தது. "ஏன், ஊரில் வேறு பெண்களே இல்லையா?" என்று கேட்டேன்.

"சரித்திரம் அப்படி, லெம்" என்றார் ராய்ஸ், அத்தனை பல்லையும் காட்டி. "ஜெபர்சனோட மனைவி முன்னாடியே இறந்துட்டாங்க. அவர் ஜனாதிபதியா இருந்தப்ப விருந்துன்னா டாலி மேடிசன்தான் வந்து கவனிச்சுக்கிட்டாங்க. நான் சொல்லலை, புத்தகத்துல இருக்கு."

புத்தகத்தில் இருக்கிறது. அதுதான் கொடுமை. இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே எனக்கு எதிராகச் சாட்சி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒடெஸாவைப் பார்த்தேன், அவர் "ஆமாம்" என்று தலையாட்டினார். வெர்னாவைப் பார்த்தேன், அவள் ஏற்கெனவே எந்த இறகு செருகலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பிப்ரவரி நடுவிலிருந்து வியாழக்கிழமைதோறும் ராய்ஸ் வீட்டில் ஒத்திகை. விருந்து ஒரு நாள், ஒத்திகை ஒன்பது நாள். ஐந்தரை மணிக்கு நல்ல காலணி போட்டுக்கொண்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிவிடுவாள். எட்டு மணிக்கு முகமெல்லாம் சிவந்து திரும்புவாள். வந்ததும் சும்மா இருக்கிறாளா? "ராய்ஸ் வேர்க்கடலை சூப்புல கொஞ்சம் மிளகு போடுறார், நல்லா இருக்கு" என்பாள். முப்பத்தாறு வருடமாக நான் மிளகு கேட்டால் வயிற்றுக்கு ஆகாது என்று சொன்னவள்! பாத்திரம் தேய்க்கும்போது ஏதோ வயலின் மெட்டை முணுமுணுக்கிறாள். எனக்கும் ஒரு வாத்தியம் தெரியும் என்று காட்டப் பரணிலிருந்து பழைய ஹார்மோனிகாவை எடுத்து ஊதினேன். உள்ளே குடியிருந்த சிலந்தி என் வாய்க்குள் வந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு பக்கத்துப் பண்ணைவரை கேட்டிருக்கும்.

இனி ஞாயிற்றுக்கிழமை கதை. மார்ச் 16, எங்கள் ஆளின் பிறந்தநாள். இறந்த ஜனாதிபதிகளின் பிறந்தநாளுக்குப் பதவியில் இருக்கும் ஜனாதிபதி சமாதிக்கு மலர்வளையம் அனுப்புவது நம் நாட்டு வழக்கம். ராணுவ அதிகாரி ஒருவர் விறைப்பாக வந்து வளையத்தை வைத்தார். எல்லாம் முடிந்து எங்கள் மைதானத்துக்கு வந்ததும் நேராக ராய்ஸ் முன்னால் போய் நின்று ஒரு சல்யூட் அடித்தார். பிறந்தநாள் யாருக்கு, சல்யூட் யாருக்கு? நான் உரை நிகழ்த்தினேன். காற்று என் குரலைக் கொண்டுபோய்ச் சோளக் காட்டில் போட்டது. ஒடெஸா சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு ராய்ஸ் வயலின் எடுத்தார், நூற்றிருபது பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள்.

மதியம் பன்றிக்கறி வைத்த ஹாம் பிஸ்கட் தின்ற பிறகு, கடைசி நிகழ்ச்சி வெள்ளை மாளிகை எரிந்த காட்சி. உங்களுக்கு நினைவிருக்கும். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலில் ஆங்கிலேயப் படை வருகிறது. ஜனாதிபதி போர்க்களத்துப் பக்கம் போயிருக்கிறார். டாலி ஓடிவந்து, சுவரில் இருக்கும் வாஷிங்டன் படத்தைக் காப்பாற்றச் சொல்கிறாள். முன்பெல்லாம் வெர்னாவே ஏணியில் ஏறி எடுப்பாள். ஒடெஸா தலைவி ஆனதும் அதை மாற்றிவிட்டார். "அந்தம்மா கை காட்டினாங்க, அவ்வளவுதான். ஏணியில ஏறினது, படச் சட்டத்தை உடைச்சது, இறக்கினது எல்லாம் அங்க வேலை செஞ்சவங்க. பேரை மட்டும் அந்தம்மா வாங்கிக்கிட்டாங்க" என்று சொல்லி, இப்போது அவரே தலையில் துணி கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார்.

பதினாலு வருடமாக நான் குதிரை லாயத்துக்குப் பின்னால் நின்று இதைப் பார்க்கிறேன். வீடு எரிகிறது, என் மனைவி இன்னொருவன் படத்துக்காக உயிரைக் கொடுக்கிறாள். என் படம் அந்தச் சுவரிலேயே இல்லை. இந்த வருடம் என்னால் தாங்க முடியவில்லை, மச்சான். சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் போய், வாஷிங்டன் மேலே என் படத்தை ஒட்டிவிட்டேன். மேடிசன் வேஷத்தில், கை கட்டி, பெரிதாக. ஒரே ஒரு தடவை அவள் என்னைக் காப்பாற்றட்டுமே என்றுதான். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

ஒடெஸா திரையை விலக்கிப் படத்தைப் பார்த்தார். ஏணியில் ஒரு கணம் நின்றார். தலையில் துணி இருந்ததே, சட்டத்தை மீறவில்லை.

"அம்மா, இது வாஷிங்டன் ஐயா இல்லைங்க. நம்ம ஐயா."

வெர்னா அண்ணாந்து பார்த்தாள். நான் லாயத்துக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினேன்.

"நம்ம ஐயாவா? அப்ப அவசரம் இல்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும். முதல்ல வெள்ளிக் கரண்டியை எடுத்து வண்டியில வை."

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நான் எப்படி மேடைக்கு வந்தேன் என்று எனக்கே தெரியாது. தொப்பி மட்டும் தலையில் இருந்தது.

"டாலி! கட்டின புருஷனை நெருப்புல விட்டுட்டுக் கரண்டியைத் தூக்குறியா?"

"கரண்டி எதிர்த்துப் பேசாதுங்க, மிஸ்டர் மேடிசன். அதோட நீங்க இப்ப போர்க்களத்துல இல்ல இருக்கணும்? இங்க என்ன பண்றீங்க?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை ஜெபர்சன் வீட்டுல நீ என்ன பண்றேன்னு கேக்க வந்தேன்!"

"விருந்தாளிங்களைக் கவனிக்கிறேன். ஊருக்கே தெரியும். சரித்திரத்துல இருக்கு."

"சரித்திரத்துல விருந்துதான் இருக்கு. ஒத்திகை இல்லை!"

ராய்ஸ் வயலினோடு எழுந்து வந்தார். "ஜேம்ஸ், நண்பா, கொஞ்சம் நிதானமா..."

"நீர் இந்த வருஷம் இந்த ஊர்லயே இல்லை! பதவி முடிஞ்ச ஆளு, உம்ம மலை வீட்டுல போய் உட்காரும்!"

முன் வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க பாருங்க" என்றார். கைதட்டல் ஓய்வதற்குள் வெர்னா தலைப்பாகையைக் கழற்றினாள். தலைப்பாகையோடு இருந்தால் எனக்கு 'நீங்க', கழற்றிவிட்டால் 'நீ'. அவள் குரலும் மாறிவிட்டது.

"லெம், இந்த மைதானத்துல பதினாலு வருஷமா எனக்கு ஒரே வசனம். 'படத்தைக் காப்பாத்தணும்.' அதுக்கு மேல நான் பேசினதே கிடையாது. அங்க மேசையில நான் வாயைத் திறந்தா எல்லாரும் கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் கேக்குறாங்க. எனக்கு அது பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். நீ ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் தொப்பியைக் கழற்றியிருக்க வேண்டும். கை மேலே போகவில்லை. நூற்றிருபது பேர் பார்க்கிறார்கள், மச்சான். "அம்மணி, தலைநகரம் பற்றி எரிகிறது. இதைப் பிறகு பேசலாம்" என்று மேடிசனாகவே சொன்னேன். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. என் வாழ்க்கையில் எனக்கு எழுந்து நின்று கைதட்டியது அன்றுதான். வெர்னா ஒடெஸாவின் காரில் ஏறிக்கொண்டாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் ஒடெஸா போன் செய்தார். சமாதானம் பேசத்தான் என்று நினைத்து மணி மூன்றாவது தடவை அடிப்பதற்குள் எடுத்தேன். "லெம், அந்தச் சண்டையைத் திரும்ப எப்ப போடுவீங்கன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா?" என்றார். வேஷத்தை ராஜினாமா செய்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வேறு குள்ளனைப் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் செம்பட்டைத் தலையர் இருக்கும் மாவட்டத்தில் இனி எனக்கு இடம் இல்லை. நீங்கள் வெர்னாவின் அண்ணன், உங்கள் சொல்லுக்கு அவள் மதிப்புக் கொடுப்பாள். போன் செய்து நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள். நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்கு நாளாக டப்பா பீன்ஸ்தான் சாப்பிடுகிறேன் என்பதையும் சொல்ல வேண்டாம். ஆனால் பேச்சோடு பேச்சாக வந்துவிட்டால் தடுக்கவும் வேண்டாம்.

உங்கள் முழங்கால் விரைவில் குணமாகட்டும். அண்ணியாருக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் நெடுநெடுவென்று வளர்ந்து, நாணயத்தில் முகம் வரும் அளவுக்குப் புகழ் பெற வேண்டும் என்று வாழ்த்துகிறேன். சனிக்கிழமை நேரில் சந்திப்போம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புக்குரிய, பொறாமை சற்றும் இல்லாத மைத்துனன்,
லெமுவெல் யான்சி

பி.கு.: மச்சான், அறையை ஒழிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு உறை தேடக் கொட்டகைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் நல்ல காலணியை எடுத்துப்போக வந்த உங்கள் தங்கை உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். சிலந்தி வரும் இடத்தில் சிரித்தாள். கார்க் கதவு வரும் இடத்தில் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு, "ஒரு வார்த்தை கேக்காம கிளம்பிடுவேன்னு எழுதியிருக்கே. இது பொய்" என்றாள்.

"என்ன பொய்?"

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் வாசல்ல நின்னு 'நீயும் வர்றியா'ன்னு கேட்டேனா இல்லையா?"

கேட்டாள் மச்சான். ஐந்து வியாழக்கிழமையும் கேட்டாள். எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று சொன்னேன். தொலைக்காட்சியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெபர்சன் ஜனாதிபதியா இருந்த எட்டு வருஷமும் மேடிசன்தானே வெளியுறவு அமைச்சர்? டாலி தனியாவா விருந்துக்குப் போனா? என் வலது பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி போடலைன்னா வரமாட்டேன்னு முதல் நாளே ராய்ஸ்கிட்ட சொல்லிட்டேன். உன் பேர் எழுதின அட்டைகூட இருக்கு. அந்த மனுஷன் பாவம், ஒவ்வொரு வாரமும் 'வெளியுறவு அமைச்சர் வந்துடட்டும்'னு பத்து நிமிஷம் சூப்பை ஆற வெச்சுக் காத்திருக்கார்."

மேலே எழுதியவற்றில் ராய்ஸைப் பற்றியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். முடியைப் பற்றியது மட்டும் இருக்கட்டும். இன்று வியாழக்கிழமை, மணி ஐந்து முப்பத்தைந்து. சட்டை மாற்றிவிட்டேன், வெர்னா காரில் இருக்கிறாள். வலப்பக்கம் நான், சரி, இடப்பக்கம் யார் என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். பதில் சொல்லாமல் ஹாரன் அடிக்கிறாள்.